முயல் ரத்தத்தில் டிகாக்சினுக்கு முறிமருந்து

குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றிப் பாம்புக்கடி மருந்து எடுப்பது நமக்குத் தெரிந்த கதை. நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விஷத்தில் அது அப்படியே எடுபடாது. அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும் இதய மருந்தான டிகாக்சின் மிகச் சின்ன மூலக்கூறு, எடை 781தான். தனியாக ஊசி போட்டால் எதிர்ப்பு மண்டலம் அதைக் கண்டுகொள்ளாது. 66,000-க்கும் மேல் எடையுள்ள மாட்டு ரத்தப் புரதமான ஆல்புமினில் ஒட்டித்தான் முயலுக்குக் காட்டவேண்டும். யானை மேல் கடுகை ஒட்டுகிற வேலை.

முறை பழையது, பட்லரும் சென்னும் 1967-இலேயே எழுதிவிட்டார்கள். டிகாக்சினின் கடைசிச் சர்க்கரை வளையத்தை பெர்அயோடேட் என்ற வேதிப்பொருள் திறந்துவிடும், திறந்த முனை ஆல்புமினில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரைப் பக்கம் புரதத்தோடு போய்விடுவதால் ஸ்டீராய்டு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முயலின் உடம்பு பார்க்கவேண்டியதும் அதைத்தான். படிக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் டிகாக்சின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹால் கூடினால் புரதம் திரிந்துவிடும். இந்த இழுபறியில்தான் முதல் வருடத்தில் பாதி போனது.

அப்புறம் விலங்கு நெறிமுறைக் குழு. படிவம் பி-யில் ஏன் முயல், ஏன் இத்தனை, வலிக்கு என்ன செய்வீர்கள் என்று எல்லாம் கேட்பார்கள். எரிச்சலாக இருந்தாலும் நியாயமான கேள்விகள். எதிர்ப்பைத் தூண்டச் சேர்க்கும் ஃப்ராயிண்ட் அட்ஜுவன்டை முதல் ஊசியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள், ஒப்புக்கொண்டேன்.

சில ஊசிகளுக்குப் பிறகு காது ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்து எலைசா பார்த்தோம்; விஷத்தைப் பிடிக்க உடம்பு உண்டாக்கும் புரதமான எதிர்ப்பொருள் இருந்தால் நிறம் காட்டும் சோதனை அது. தட்டு முழுக்க அடர்மஞ்சள். இதில் மயங்கிவிடக் கூடாது. முயல் டிகாக்சினைவிட ஆல்புமினுக்குத்தான் அதிகம் எதிர்ப்பொருள் உண்டாக்கும். அதனால் தட்டில் டிகாக்சினை முட்டைப் புரதத்தில் ஒட்டி வைத்திருந்தோம். அதோடு, எதுவும் ஒட்டாத டிகாக்சினைச் சீரத்தோடு கலந்து பார்த்தபோது மஞ்சள் படிப்படியாக மங்கியது. எதிர்ப்பொருள் விஷத்தையேதான் பிடிக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

மருந்தாக்க முழு எதிர்ப்பொருள் தேவையில்லை. பப்பாளிப் பாலில் உள்ள பப்பேயின் என்ற நொதி அதை வெட்டித் தரும், விஷத்தைப் பிடிக்கும் ஃபேப் துண்டு போதும். சிறியது என்பதால் பிடித்த விஷத்தோடு சிறுநீரகம் வழியே வெளியேறும். செம்மறியாட்டில் எடுத்த இத்தகைய துண்டுகள் 1976-இல் அமெரிக்காவில் டிகாக்சின் நஞ்சேறிய ஒருவரைக் காப்பாற்றின.

எங்கள் கண் இருந்தது டிகாக்சினைப் போலவே இதயத்தைத் தாக்கும், மஞ்சள் அரளியின் விஷமான தெவெட்டின் மேல். எங்கள் ஃபேப் அதையும் பிடித்தது, ஆனால் இறுக்கமாக இல்லை. டிகாக்சினைவிடப் பல மடங்கு ஃபேப் தேவைப்பட்டது. கொழும்பில் அரளி நஞ்சுக்கு டிகாக்சின் ஃபேப் பலன் தருவதை 2000-இல் நிரூபித்தார்கள். அங்கேயும் நிறைய மருந்து வேண்டியிருந்தது; விலைதான் பிறகு அதைக் கட்டுப்படியாகாமல் செய்தது.

அதனால் இப்போது தெவெட்டினையே ஆல்புமினில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் கடைசிச் சர்க்கரை குளுக்கோஸ். பெர்அயோடேட் அதையும் திறக்கும். புதுப் படிவம் குழுவுக்குப் போயிருக்கிறது, ஏன் முயல் என்ற கேள்வியோடு திரும்பி வரும்.