அப்புவின் பெட்டி: மூன்றாம் தடவை துளை போட்ட கதை

சரி, என் தாடி ஓணான் (பியர்டட் டிராகன்) அப்புவின் பெட்டியில், விளக்கில்லாத குளிர்ப்பக்கம் கடைசியில் 31 டிகிரிக்கு இறங்கிவிட்டது. இரண்டு மாதமாக 34ஐ விட்டு அசைய மாட்டேன் என்று நின்ற இடம் இது. வெள்ளவத்தையில், நாலாம் மாடியில், பகலில் ஏசி போடாத அறையில் 31க்குக் கீழே ஆசைப்படவும் கூடாது. அறையே 30.

அப்புவுக்கு (தாடி இருக்கிறது, வேறு என்ன பெயர் வைப்பது) இப்போது மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 20 அங்குலம். பழைய மீன் தொட்டிக்குள் திரும்பினால் வால் மடங்கியது. ஆகவே 4×2×2 அடியில் பெட்டி. மேல், கீழ், பின் மூன்றும் 4×2, இரண்டு பக்கங்களும் சேர்ந்தால் இன்னொரு 4×2. அப்படியென்றால் 8×4 ப்ளைவூட் பலகை ஒன்றிலேயே முழுப்பெட்டியும் வந்துவிடும், முன்பக்கத்துக்குக் கண்ணாடி. இந்தக் கணக்கைப் பெருமையாகத் தச்சு பாஸிடம் காட்டினேன். "வாள் தின்னுறதை மறந்திட்டீங்களே தம்பி" என்றார். ஓம், பெட்டி சொன்ன அளவைவிடக் கொஞ்சம் சின்னதுதான். ப்ளைவூட்டுக்குப் பதில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். இந்தக் காற்றுக்கு ஓரமெல்லாம் ஊதிவிடும். பிணைச்சலும் பித்தளையில் போடுங்கள். நான் முதலில் போட்ட இரும்புப் பிணைச்சல் மூன்று மாதத்தில் துருப்பிடித்து, திறக்கும்போதெல்லாம் அழுதது.

இனி சூடு. நாங்கள் பார்க்கிற காணொளிகளில் எல்லாம் 100 வாட், 150 வாட் பல்ப் என்கிறார்கள். அவர்கள் வீடு 20 டிகிரியில் இருக்கிறது, அவர்களுக்குச் சரி. நானும் நம்பி 100 போட்டேன். விளக்கின் கீழே அவன் வெயில் காயும் ஓட்டின் மேல் இன்ஃப்ராரெட் வெப்பமானித் துப்பாக்கியைப் பிடித்தால் 54, மற்றப் பக்கம் 36. விளக்கின் கீழே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தால் நான் கவலைப்பட மாட்டேன், அது அவனுடைய வழக்கம். இவன் குளிர்மூலையில், வயிற்றைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். அடுத்த நாளே புறக்கோட்டைக்கு ஓடினேன்.

50 வாட் ஹலோஜன் கேட்டால் கடைக்காரர் எல்இடியைத்தான் நீட்டுகிறார். "இது சூடே வராது தம்பி, கரண்டும் மிச்சம்." எனக்குச் சூடுதான் வேண்டும் அண்ணை என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, உள்ளே போய், தூசு படிந்த பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். இருந்த நான்கையும் வாங்கிவிட்டேன். இப்போது ஓட்டின் மேல் 41. இரவில் எல்லாம் அணைத்துவிடுவேன், அறை 27இல் இருக்கும்போது இரவுச் சூடு எதற்கு?

பல்ப் மாற்றியும் குளிர்ப்பக்கம் 34இல் நின்றதற்குக் காரணம் துளைகள். அதற்கு முன், ஈரப்பதமானி பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. என்னிடம் மூன்று இருந்தன. ஒரே இடத்தில் வைத்தால் ஒன்று 63, ஒன்று 71, ஒன்று 80. எதை நம்புவது? சோடா மூடி ஒன்றில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு (உப்பு கரைந்து போகக் கூடாது), மூன்று மானிகளோடும் காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு நாள் மூடி வைத்தேன். உள்ளே 75 சதவீதம்தான் இருக்கும், எங்கள் வெப்பநிலையில் அது அசையாது. ஒன்று 72 காட்டியது, மற்றது 79. இரண்டிலும் ஒட்டுத்துண்டில் +3, −4 என்று எழுதி ஒட்டிவிட்டேன். முள் வைத்த வட்டமானி மட்டும் உள்ளே போகும் முன்னும் 63, வந்த பின்னும் 63. அதைத் தூக்கி எறிந்தேன்.

முதலில் இரண்டு பக்கமும் மேலே மட்டும் துளை போட்டிருந்தேன். காற்று வர வழியில்லாமல் போகவும் மாட்டேன் என்றது. பிறகு கீழேயும் போட்டேன், ஆனால் சூடான பக்கத்தில். அது இன்னும் மோசம், குளிர்ப்பக்கக் காற்று அப்படியே தேங்கி நின்றது. மூன்றாம் தடவைதான் புத்தி வந்தது: குளிர்ப்பக்கத்தில் தரையோடு 18 அங்குலத்துக்கு ஒரு நீளப் பிளவு, சூடான பக்கத்தில் பின்பலகையின் உச்சியில் இன்னொன்று, இரண்டுக்கும் ஸ்டெயின்லெஸ் வலை. அடுப்புப் புகைக்கூடு வேலை செய்கிற அதே விதம். சாம்பிராணிக் குச்சியைக் கீழ்ப்பிளவில் பிடித்தால் புகை உள்ளே வளைந்து போவது தெரிந்தது. (அப்பு அப்போது வெளியே இருந்தான், திட்ட வேண்டாம்.)

வெப்பம் இறங்கியது, ஆனால் குளிர்ப்பக்க ஈரப்பதம் 74இலிருந்து 70க்கு மட்டும். அவ்வளவு பாடுபட்டு நான்கு புள்ளியா என்று ஒரு இரவு முழுக்க எரிச்சல். பிறகு யோசித்தால், அறையே 75இல் இருக்கிறது, பெட்டி எப்படி அதைவிட உலரும்? காற்று சூடாகும்போதுதான் சதவீதம் இறங்கும்: 30 டிகிரியில் 75 ஆக இருக்கும் அதே காற்று 36 டிகிரியில் ஏறக்குறைய 53. என் சூடான பக்கம் 54 காட்டுகிறது, கணக்கு சரி. முன்பு கூடியிருந்ததற்குக் காரணம் நானேதான், தண்ணீர்க் கிண்ணத்தை விளக்குக்குக் கீழே வைத்திருந்தேன். இவனுக்கு ஏற்ற 40 சதவீதம் வேண்டுமென்றால் பெட்டியை விட்டுவிட்டு அறையை உலர்த்த வேண்டும். மழை விடாத நாட்களில் இரவில் இரண்டு மணி நேரம் ஏசியை உலர் முறையில் போடுகிறேன். பில் வரட்டும், பார்ப்போம்.

யூவிபி (வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்) பற்றி அதிகம் இல்லை. 12 சதவீத டி5 என்ற மெல்லிய குழல்விளக்கு, சிங்கப்பூரிலிருந்து மாமா சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தது. வலை மூன்றில் ஒரு பங்கு கதிரைத் தின்னும் என்பதால் உள்ளேயே பொருத்தி, முதுகுக்கு 15 அங்குலம் வரும்படி மேடையை உயர்த்தினேன். அடுத்த வருடக் குழலுக்கு இப்போதே மாமாவிடம் சொல்லி வைத்தாயிற்று.

அடுத்து பல்கனியில் காலை வெயிலுக்கு ஒரு வலைக்கூடு. காகங்களுக்காக மேலேயும் மூட வேண்டும், போன ஞாயிறு மூன்று வந்து சுவரில் இருந்து அவனை அளவெடுத்துவிட்டுப் போயின. பழைய சோனகத் தெருவில் வலை விலை கேட்டேன், அலுமினியச் சட்டமும் பார்த்து வைத்திருக்கிறேன்.

இந்தப் பெட்டிக்கே இன்னும் புதுக் கதவு வரவில்லை என்பது வேறு கதை. கண்ணாடி வெட்டுகிறவர் "நாளைக்கு" என்று சொல்லி இரண்டு வாரம். அதுவரை ஒரு அக்ரிலிக் தகட்டை உடுப்புக் கிளிப் ஆறால் பிடித்து வைத்திருக்கிறேன். இன்று காலை ஐந்துதான் இருந்தது. ஆறாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போது அம்மா மற்ற அறையிலிருந்து, "உன்ர ஓணான் என்ர சீலைக்கு மேல படுத்திருக்கு, வந்து தூக்கு!"