பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே

மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நமது பழைய மாணவர் சங்கத்தில் கேட்டபோது விளையாட்டுப் போட்டியைப் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் கோயில் மணிதான் காதில் கேட்கிறது.

நாங்கள் படித்த எண்பதுகளில் கோயிலுக்கும் நமது பாடசாலைக்கும் நடுவே ஒரு வேலிகூட இல்லை. பகல் பன்னிரண்டுக்கு மூப்பர் மணிக்கயிற்றை இழுத்ததும் ரீச்சர் வெண்கட்டியை மேசையில் வைத்துவிடுவா. காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் சொல்லும் திரிகால செபம். கரும்பலகையில் பாதியில் நிற்கும் பெருக்கல் கணக்கு, கைகூப்பி நிற்கும் பிள்ளைகள், வெளியே வெயிலில் காயும் வலைகளின் மணம். செபம் முடிந்து ஆமென் சொன்ன கையோடு கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் இலங்கை அரசாங்கம் பொறுப்பேற்ற பாடசாலைகளில் நமதும் ஒன்று. ஆனாலும் பெயர்ப்பலகையில் றோ.க.த.க. என்ற எழுத்துகள் அப்படியே நின்றன. றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை. சமய பாட நேரத்தில் சைவப் பிள்ளைகள் வேப்பமரத்தடிக்குப் போவார்கள். அவர்களுடைய ஆசிரியர் தூரத்திலிருந்து வருபவர். ஷெல் அடி, ஊரடங்கு என்று பாதை பூட்டினால் அவரால் வர முடியாது. அந்த நாள்களில் அவர்களும் எங்கள் வகுப்பின் கடைசி வாங்கில் வந்து இருப்பார்கள்.

எங்கள் சமய ரீச்சரைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1962 முதல் 65 வரை கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு லத்தீன் பூசை தமிழுக்கு வந்தது. செபங்களின் தமிழும் மெல்ல மாறியது. எங்கள் புத்தகத்தில் இருந்தது 'அருள் நிறைந்த மரியே வாழ்க'. வீட்டில் அம்மம்மா சொன்னதோ 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க'. புத்தகத்தில் தூய ஆவி, அம்மம்மாவுக்கு இஸ்பிரீத்து சாந்து. போர்த்துக்கீசர் காலத்துச் சொல் அது. புத்தகத்தில் வானதூதர், அம்மம்மாவுக்குச் சம்மனசு. ரீச்சர் இரண்டையும் பாடமாக்க வைத்தா.

"அம்மம்மாவோட செபமாலை சொல்லேக்க பழசைச் சொல்லுங்கோ பிள்ளையள். அவவைத் திருத்தப் போகாதேங்கோ."

அப்போது இரட்டை வேலையாகத்தான் பட்டது. எத்தனை பெரிய மரியாதையை அந்த மனுசி எங்களுக்குப் பழக்கினா என்று இப்போது நினைக்கையில் நெஞ்சு நிறைகிறது.

முதல் நன்மைக்கு, அதாவது நற்கருணையை முதன்முதலாக வாங்குவதற்கு, ஆயத்தம் செய்த மாதங்களில் கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒரு பழைய பிஸ்கற் ரின்னோடு வருவா. அதற்குள் பூசைக்கான அப்பம் வட்டமாக வெட்டியெடுத்த பிறகு மிஞ்சிய ஓரத் துண்டுகள். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. நாக்கில் வைத்ததும் காகிதம்போல ஒட்டி, பிறகு கரைந்துவிடும். பல்லில் படாமல் வாங்கப் பழகுவதற்கு என்று தந்தாலும், கடைசி வாங்குக்காரர் கை நீட்டினால் சிஸ்டர் மறுத்ததில்லை. அது பூசையில் குருவானவர் எழுந்தேற்றம் செய்யாத வெறும் அப்பம்தானே.

ஒக்டோபரில் ஒவ்வொரு வகுப்பும் முறைவைத்துச் செபமாலை சொல்லும். நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைக்கு வரிசையாகப் போய், பெயர் அழிந்துபோன கல்லறைகளுக்கும் மெழுகுதிரி கொளுத்துவோம். உறவினர் வராத கல்லறையாகத் தேடிக் கொளுத்தச் சொல்லுவா ரீச்சர்.

போன மார்கழியில் கனடாவில், ஸ்காபரோவில் என் அம்மா காலமானா. அவவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று பின்னேரம் செபமாலை சொன்னோம். எங்கள் பிள்ளைகள் போனைப் பார்த்துப் புதிய செபத்தைச் சொன்னார்கள். நான் அம்மாவுக்காகப் பழையதைத் தொடங்கினேன். 'பிரியதத்தத்தினாலே' என்று நான் சொல்லி நிறுத்த, பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மறுமொழியைத் தனியாக எடுத்தது.

"அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக..."

திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் திருநீற்றோடு என் வகுப்புத் தோழன். செபமாலையின் பத்து மணிகளுக்கும் ஒரு சொல் பிசகாமல் சொன்னான்.

வெளியே பனிக்குள் வந்து நின்றபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவும் இன்னும் நினைவிருக்கா என்று கேட்டேன்.

"பாதை பூட்டின நாள்களில படிச்சதடா" என்றான்.