ஒரே பயணம், இரண்டு புத்தகம்

பிரெஞ்சில் நான் முழுதாகப் படித்து முடித்த முதல் புத்தகம் எழுத்தாளர் லெ கிளேஸியோவின் 'லாஃப்ரிகேன்'. அதை எடுத்ததற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது. நூறு பக்கத்துக்குச் சற்று மேல்தான் இருந்தது, நடுநடுவே பழைய புகைப்படங்கள் வேறு. வகுப்பில் கூடப் படித்தவர்கள் தடித்தடி நாவல்களை அள்ளிக்கொண்டு போனார்கள். நான் அகராதியும் கையுமாக இதோடு உட்கார்ந்தேன். மூன்று மாதம் ஆனது.

தலைப்புக்கு 'ஆப்பிரிக்கர்' என்று பொருள். அந்த ஆப்பிரிக்கர் எழுத்தாளரின் அப்பா. மொரீஷியஸில் பிறந்து லண்டனில் மருத்துவம் படித்தவர். சவுத்தாம்ப்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்கிறார். சில நாள் கழித்துத் தலைமை மருத்துவரிடமிருந்து ஒரு சீட்டு வருகிறது: உங்கள் விசிட்டிங் கார்டு இன்னும் எனக்கு வந்து சேரவில்லையே! புதிதாக வந்தவர் மேலதிகாரிக்குக் கார்டு அனுப்பி மரியாதை செய்ய வேண்டுமாம். மனிதர் கார்டு அச்சடிக்கக் கொடுத்தார். கையோடு, காலனி நாடுகளில் வேலை வேண்டும் என்று விண்ணப்பமும் போட்டுவிட்டார். கயானாவில் இரண்டு வருடம். 1928-இல் மேற்கு ஆப்பிரிக்கா. கேமரூன், நைஜீரியா என்று 22 வருடம் அங்கேயே டாக்டர். ஒரு துண்டுச் சீட்டுக்காக ஒருவர் கண்டம் விட்டுக் கண்டம் போவாரா என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் இதைவிடச் சின்ன விஷயத்துக்காக ஊரை விட்டுப் போனவர்கள் உண்டு.

மகன் 1940-இல் நீஸ் நகரில் பிறந்தபோது அப்பா ஆப்பிரிக்காவில். நடுவில் போர். குடும்பத்தை அழைத்துவர சஹாராவைக் கடக்கப் பார்த்து, முடியாமல் திரும்பிப் போகிறார் டாக்டர். 1948-இல் அம்மா இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு கப்பலேறுகிறாள். எட்டு வயதில் அப்பாவைப் பார்க்கிறான் பையன். அங்கே நிற்பது கண்டிப்பான, களைத்துப்போன, பேச்சு குறைந்த ஓர் அந்நியர்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் அப்பாவும் நைஜீரியாதான். எழுபதுகளின் கடைசியில் அந்த நாடு இந்தியாவிலிருந்து நிறைய ஆசிரியர்களை வேலைக்கு எடுத்தது. கெமிஸ்ட்ரி வாத்தியாரான அப்பாவும் போனார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்ததும் என் நோட்டுகளை வாங்கிக் கையெழுத்தைப் பார்ப்பார். சாப்பிட்ட தட்டில் ஒரு பருக்கை மிச்சம் இருந்தால் எழுந்திருக்க விடமாட்டார். அவர் திரும்பிப் போகும் நாளை நானும் அக்காவும் காலண்டரில் எண்ணிக்கொண்டிருப்போம். சொன்னால் சொல்லிவிட்டுப் போங்கள், அதுதான் நிஜம்.

சரி, லெ கிளேஸியோவுக்கு வருவோம். 2008-இல் நோபல் வாங்கியவர், முதல் நாவல் 'குற்ற விசாரணை' என்று தமிழிலும் வந்திருக்கிறது, இதெல்லாம் பலருக்குத் தெரியும். எனக்கு அவரிடம் விசித்திரமாகப் பட்டது வேறு. ஒரே பயணத்தை அவர் இரண்டு தடவை எழுதுகிறார். முதலில் நாவலாக, பிறகு உள்ளது உள்ளபடி. அந்த ஆப்பிரிக்கக் கப்பல் 1991-இலேயே 'ஓனிட்சா' நாவலில் வந்துவிட்டது. பையனுக்குப் பெயர் ஃபின்டான். கப்பல் தளத்தில் கூலிகள் நாள் முழுக்கச் சுத்தியலால் துருவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். படித்து முடித்த பிறகும் அந்தச் சத்தம் காதில் நின்றது. 'லாஃப்ரிகேன்' வந்தது 2004-இல். பாலைவனத்திலும் இதே கதை. மேற்கு சஹாராவின் சாகியா எல் ஹம்ரா பள்ளத்தாக்கில் தொடங்கும் 'பாலைவனம்' நாவலை 1980-இல் வெளியிட்டார். மனைவி ஜெமியாவின் முன்னோர் வாழ்ந்த பூமி அது. இருவரும் அங்கே போய்வந்த பயணநூல் 1997-இல்தான் வந்தது.

இரண்டில் எது மேல்? பொதுவாக நான் ஒல்லிப் புத்தகத்தின் கட்சி. நாவலில் ஃபின்டானின் அப்பா கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே, நைல் கரையில் இருந்த பழைய மெரோவே ராஜ்ஜியத்தின் ராணியைக் கனவில் துரத்துகிறார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் சர்க்கரை கூடுதல். நிஜ அப்பாவுக்கு ராணி கிடையாது. தானே வரைந்த ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் ஊருக்கு ஊர் தூரத்தை அவர் கிலோமீட்டரில் குறிக்கவில்லை. இத்தனை மணி நேர நடை, இத்தனை நாள் நடை என்று குறித்திருக்கிறார். அந்த ஒரு விவரத்துக்கு ராணியை விட்டுக்கொடுக்கலாம்.

கறையான் புற்று விஷயத்தில் மட்டும் நாவல்தான் ஜெயிக்கிறது. நிஜத்தில் அண்ணனும் தம்பியும் புல்வெளிக்கு ஓடிப்போய்ப் புற்றுகளைக் கழியால் அடித்து நொறுக்குகிறார்கள். அப்பாவின் அதிகாரத்துக்குப் பதில் அடியோ என்னவோ என்று வயதான பிறகு யோசிக்கிறார் எழுத்தாளர். நாவலில் ஃபின்டான் அதையே செய்யும்போது பக்கத்தில் போனி என்ற உள்ளூர்ப் பையன் இருக்கிறான். அவனுக்குக் கோபம் பொங்குகிறது: அது சாமி! புற்றுக்குப் பால் ஊற்றி மஞ்சள் பூசும் வீட்டில் வளர்ந்த எனக்கு அதற்கு அடிக்குறிப்பே வேண்டியிருக்கவில்லை.

மொரீஷியஸ் புத்தகங்களோடு மட்டும் எனக்கு ஒரு மனத்தாங்கல். எழுத்தாளரின் தாத்தா ரொட்ரிக்ஸ் தீவில் கடற்கொள்ளையன் புதையலைத் தேடி முப்பது வருடம் கல்லையும் மண்ணையும் அளந்தவர். அதை வைத்து 1985-இல் ஒரு நாவல், அடுத்த வருடமே 'ரொட்ரிக்ஸ் பயணம்' என்ற நாட்குறிப்பு. இரண்டும் பிடித்தவைதான். ஆனால் அந்த நாவலில் கரும்புத் தோட்டத் தொழிலாளிகள், நம் பக்கத்திலிருந்தும் கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள், பெரும்பாலும் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். ஒரு கலவரத்தில் மேற்பார்வையாளனைச் சக்கை எரியும் உலையில் தள்ளும்போதுதான் நடுவே வருகிறார்கள். பத்து வருடம் கழித்துத் தன் 'குவாரண்டைன்' நாவலில், அம்மைக்குப் பயந்து தீவில் அடைக்கப்பட்ட இந்தியக் கூலிகளையும் சூர்யவதி என்ற பெண்ணையும் நடுவுக்குக் கொண்டுவந்தார். பாதிக் கணக்கு தீர்ந்தது என்பேன்.

அப்பாவுக்கு இப்போது 84 வயது. போன மாதம் வரைபடம் வரும் பகுதியை அவருக்குத் தமிழில் சொல்லிக்காட்டினேன். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க பள்ளிக்கூடம் டவுனுக்கு எவ்வளவு தூரம்ப்பா?"

"லாரி கெடைச்சா நாலு மணி நேரம். கெடைக்கலைன்னா மறுநாள்."

அவ்வளவுதான் என்று எழுந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த டாக்டர் போட்ட கணக்கு மழைக்காலத்துக்கா, வெயில்காலத்துக்கா? ரெண்டும் ஒண்ணில்லடா. திரும்பப் படி."