டி-சர்ட்டில் டிசைன் அடிக்கப் போகிறீர்களா? முதலில் துணியைப் பாருங்கள்

கல்லூரி விழா, ஊர்த் திருவிழா, கிரிக்கெட் டீம் என்று டி-சர்ட் அடிக்கக் கிளம்புகிறவர்கள் பீஸ் என்ன விலை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பருத்தியா பாலியஸ்டரா, வெள்ளையா கறுப்பா, எத்தனை பீஸ் என்று முடிவு செய்துவிட்டாலே எந்த பிரிண்ட் என்பது பாதி முடிவாகிவிடும்.

பாலியஸ்டர் ஜெர்சி என்றால் யோசிக்கவே வேண்டாம், சப்ளிமேஷன்தான். காகிதத்தில் அச்சடித்து 200 டிகிரிக்கு ஒட்டிய சூட்டில் அழுத்தும்போது சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடுகிறது, தடவிப் பார்த்தால் பிரிண்ட் இருப்பதே தெரியாது, உரியவும் உரியாது. ஆனால் பருத்தியில் அந்தச் சாயம் பிடிக்காது. கறுப்புத் துணிக்கும் ஆகாது, அதில் வெள்ளை நிறமே கிடையாது.

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் டிடிஎஃப்தான், அதாவது டைரக்ட்-டு-ஃபிலிம். ஃபிலிமில் முதலில் வண்ணங்கள், அதன்மேல் வெள்ளை என்று அச்சாகி வரும். மை ஈரமாக இருக்கும்போதே சர்க்கரை மாதிரி இருக்கும் பசைப்பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூடு காட்டி உருக்குகிறார்கள். அப்புறம் துணிமேல் வைத்து ஹீட் பிரஸ்ஸில் ஒரு பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி ஃபிலிமை உரித்தால் முடிந்தது. எந்தத் துணியிலும் ஒட்டும், எத்தனை வண்ணம் இருந்தாலும் ஒரே வேலை, ஒரே ஒரு பீஸ்கூட அடித்துத் தருவார்கள். மார்பு ஓரத்தில் சின்ன லோகோ, முதுகில் ஒரு பெயர் என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் நெஞ்சு முழுக்க ஏ3 அளவில் ஒரு படம் வேண்டும் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். துணியின்மேல் ஒட்டிய படலம் அது, காற்றை விடாது. சென்னை மே மாத வெயிலில் அந்த இடம் மட்டும் வியர்த்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரே பீஸ், வெள்ளைப் பருத்தி, போட்டோ மாதிரியான படம் என்றால் டிடிஜி (டைரக்ட்-டு-கார்மெண்ட்) நல்லது. பிரிண்டரே நேராகத் துணியில் அடிக்கும், தொட்டால் மெத்தென்று இருக்கும். கறுப்புத் துணிக்குப் போனால் மை பிடிப்பதற்கான ப்ரீ-ட்ரீட்மெண்ட் திரவத்தை முதலில் தெளித்து, அடியில் வெள்ளை போட்டு, அதன்மேல் வண்ணம் அடிக்க வேண்டும், நேரமும் காசும் கூடிவிடும்.

ஐம்பது, நூறு பீஸ், இரண்டு மூன்று வண்ணம், பருத்தி என்றால் இன்றைக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கை மிஞ்ச ஆளில்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை வழியாக மையைத் துணியில் இறக்கும் முறை இது. அந்த வலைதான் ஸ்கிரீன், வண்ணத்துக்கு ஒன்று செய்ய வேண்டும் என்பதால் ஒரு பீஸுக்குக் கட்டுப்படியாகாது, எண்ணிக்கை ஏற ஏற விலை இறங்கும். மையைப் பொறுத்து இதற்குள்ளேயே மூன்று வகை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. வெளிர் துணிக்கு தண்ணீரில் கலந்த வாட்டர்-பேஸ்டு பிக்மெண்ட் மை போதும், லேசாக இருக்கும். பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மை கறுப்பிலும் பளிச்சென்று எடுக்கும், ஆனால் 160 டிகிரி அளவுக்கு மை முழுக்கச் சூடேறி கியூர் ஆகவில்லை, அதாவது இறுகவில்லை என்றால் துவைக்கத் துவைக்க விரிசல் விடும். மூன்றாவது டிஸ்சார்ஜ், எனக்கு மிகவும் பிடித்தது: துணியில் இருக்கும் சாயத்தையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் புது நிறத்தை வைக்கிறது, அதனால் கறுப்பு பனியனில்கூட மேலே எதுவும் அப்பியது போல் இருக்காது. சூடு காட்டும்போது ஒரு நாற்றம் வரும், ஒரு முறை துவைத்துவிட்டுத்தான் போட வேண்டும். டர்க்காய்ஸ், ராயல் ப்ளூ மாதிரி சில சாயங்கள் சரியாக விட்டுக்கொடுக்காது, பாலியஸ்டர் கலந்த துணியிலும் எடுப்பாக வராது, ஆகவே அதே துணியில் சாம்பிள் அடித்துப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

எந்த முறையானாலும் சாம்பிள் ஒன்று கேட்டு வாங்கி, பிரிண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், விரிசல் விட்டால் சூடு பத்தவில்லை. அப்புறம் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு சில தடவை துவைத்துப் பார்த்துவிட்டு மொத்த ஆர்டரைக் கொடுங்கள்.