போத்தலை ஒளித்து வைத்த நாட்கள்

முள்ளியவளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் விசேட கல்வி அலகில் படிப்பிக்கிறேன். பட்டப்படிப்புக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. வகுப்பில் எட்டுப் பிள்ளைகள்தான், ஒருவரைப் போல் மற்றவர் இல்லை. இவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டு என்ன காணப்போகிறோம்? ஒரு பிள்ளையை அந்தப் பிள்ளையோடேயே ஒப்பிடும் தனியாள் ஆய்வுதான் சரி என்று பட்டது.

எழுத்து வாசிப்பை எடுக்கத்தான் முதலில் ஆசைப்பட்டேன். மேற்பார்வையாளர் விடவில்லை. "அ" வாசிக்கப் பழகிய பிள்ளை, நாங்கள் உதவியை நிறுத்தினாலும் வாசிக்கும். உதவியை இடையில் நிறுத்தி, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுதான் விலக்கல் முறை; பழைய நிலைக்குத் திரும்பாத திறனுக்கு அது பொருந்தாது என்றார். தலையைச் சுவரில் மோதும் பிள்ளைக்கும் இது கூடாது, பலன் தருவதை நிறுத்தி மோதவிட்டுப் பார்ப்பது பாவம் என்றார். அப்படியானவற்றுக்கு, எதையும் நிறுத்தாமல் வெவ்வேறு பிள்ளைகளுக்கோ திறன்களுக்கோ வெவ்வேறு நேரத்தில் உதவியைத் தொடங்கிப் பார்க்கும் பல அடிக்கோட்டு முறை இருக்கிறது. அதனால் கதிரையில் இருந்து வேலை செய்வதை எடுத்தோம். ஒன்பது வயதுப் பெடியன். இரண்டு நிமிடம் இருந்தால் பெரிய காரியம், எழும்பி யன்னலடிக்குப் போய்விடுவான்.

தினமும் காலையில் 10 நிமிடம் கைபேசியில் பதிவு செய்தேன். தாயின் சம்மதம் முதலே எழுத்தில் வாங்கியிருந்தேன். பின்னேரம் அதைப் போட்டு, 15 விநாடிக்கு ஒரு துண்டாக 40 துண்டுகளில் குறித்தேன். துண்டு முழுக்க வேலையில் இருந்தால்தான் ஒரு சரி. சில பதிவுகளை இன்னொரு ரீச்சர் என் தாளைப் பார்க்காமல் குறித்தார். முதல் முறை 40இல் 36 துண்டுகள் ஒத்துப்போயின, 90 வீதம். 80க்குக் கீழே போனால் என் அளவையை நானே நம்ப முடியாது.

எதுவும் செய்யாமல் பார்த்த முதல் கட்டத்தில் 9க்கும் 14க்கும் இடையில் நின்றான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அடுத்த நாள் மட்டும் 27! வகுப்பில் மூன்றே பிள்ளைகள் அன்று. அந்தப் புள்ளியை அழிக்கவில்லை. வரைபு மறுபடி அடங்கும் வரை இன்னும் மூன்று நாள் பொறுத்தேன்.

பிறகு அவன் மேசையில் ஒரு வெறும் ஜாம் போத்தல் வைத்தேன். வேலையில் இருக்கும்போது நான் கடந்து போனால் ஒரு புளியங்கொட்டை உள்ளே விழும். பத்துச் சேர்ந்தால் ஐந்து நிமிடம் மைதானத்தில் சைக்கிள் டயர் உருட்டலாம். "நல்லது" என்று சொல்வதை எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவில் வைத்துக்கொண்டேன். மாறுவது ஒன்றாக இருந்தால்தானே எது வேலை செய்தது என்று சொல்லலாம். நாலாம் நாள் 30ஐத் தாண்டினான்.

ஆனால் அதே கிழமைதான் வகுப்பில் பழுதாகிக் கிடந்த மின்விசிறியும் திருத்தப்பட்டது. "ஃபான் சுத்துது, பெடியன் இருக்கிறான்" என்றார்கள் மற்ற ரீச்சர்மார். என்னிடம் பதில் இல்லை. வெறும் முன், பின் என்று பார்த்து நிறுத்தியிருந்தால் இன்றும் பதில் இருந்திருக்காது.

போத்தலைக் கொஞ்ச நாள் நிறுத்தப்போகிறேன் என்றதும் தாய்க்கு முகம் மாறிவிட்டது. சம்மதத் தாளில் இருந்ததுதான், ஆனாலும் "நல்லா வாறதை ஏன் ரீச்சர் நிப்பாட்டுறீங்கள்?" என்றார். வயல் செய்கிற குடும்பம். "போன போகம் உரம் போட்ட கிழமையே மழையும் பெய்ததே, பயிர் பச்சை பிடிச்சது எதாலை எண்டு சொல்லுவீங்களோ?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எத்தனை நாள்?" என்றார்.

போத்தலை அலுமாரிக்குள் வைத்தேன். முதல் நாள் 28. பழக்கம் உடனே விடாது என்று தெரிந்தும் நெஞ்சு திக்கென்றது. அடுத்த நாள் 21. மூன்றாம் நாள், போத்தல் இருந்த இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்தக் கணத்தில் அலுமாரியைத் திறந்துவிடத்தான் மனம் வந்தது. கட்டத்துக்கு ஐந்து புள்ளிகளாவது, ஆகக் குறைந்தது நாலு கட்டங்கள் என்று கல்வி ஆய்வுகளின் தரத்தை மதிப்பிடும் அமெரிக்க அரசுத் திட்டமான வட் வேர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் 2010இல் வெளியிட்ட அளவுகோலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் 12. விசிறி அத்தனை நாளும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை போத்தல் திரும்ப வந்தது. முதல் கொட்டை ணங் என்று விழுந்ததும் குனிந்து கண்ணாடி வழியாக அதைப் பார்த்தான், பிறகு பென்சிலை எடுத்தான். அன்று 27, அடுத்த நாள் 31. வியாழன் கரண்ட் இல்லை, நல்ல வெக்கை, விசிறி அசையவில்லை. 33.

ஆய்வு முடிந்த பிறகும் போத்தலை எடுக்கவில்லை. இப்போது கொட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடுகிறேன். முதலில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று, இந்தக் கிழமை நாலு நிமிடத்துக்கு ஒன்று.