நான்கு கட்டங்களும் ஓர் ஔகாரமும்

முதல் க்விஸை 31 பேர் எழுதினார்கள். வெள்ளி மாலை எழுதியவர்களின் சராசரி 20-க்கு 11. சனிக்கிழமை எழுதியவர்களுக்கு 16. ஞாயிறு இரவு எழுதிய ஆறு பேரும் 20-க்கு 20. புணர்ச்சி விதிகளில் என் வகுப்பு ஒரே வார இறுதியில் இப்படித் தேறிவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைக்கு ஆயுள் இருபது நிமிடம். ஒரு மாணவியிடமிருந்து செய்தி வந்தது: "சார், எழுதி முடித்ததும் எல்லா விடையும் திரையில் வந்துவிடுகிறது. தெரிந்துதான் வைத்தீர்களா?"

தெரியாமல்தான் வைத்தேன். நான் இணையவழியில் தமிழ் இலக்கணம் நடத்துகிறேன். வகுப்பு, பாடமும் தேர்வும் நடத்த உதவும் மூடில் (Moodle) தளத்தில். 2002-இல் முதல் பதிப்பு வந்த மென்பொருள் அது. இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆசிரியர்கள் கேட்டதெல்லாம் சேர்ந்துதானோ என்னவோ, க்விஸ் செட்டிங்ஸ் பக்கம் இறங்க இறங்க முடிவதில்லை. திறக்கும் தேதி, மூடும் தேதி, நேர அளவு மூன்றையும் போட்டுவிட்டுக் கீழே இருந்ததையெல்லாம் கும்பிட்டு விட்டுவிட்டேன். வினை அங்கேதான் இருந்தது.

'ரிவ்யூ ஆப்ஷன்ஸ்' என்று ஒரு பகுதி. அதில் நான்கு கட்டங்கள்: எழுதிக்கொண்டிருக்கும்போது, சமர்ப்பித்த உடனே, அதற்குப் பிறகு க்விஸ் இன்னும் திறந்திருக்கும்போது, க்விஸ் மூடிய பிறகு. 'உடனே' என்பது சமர்ப்பித்ததிலிருந்து இரண்டு நிமிடம். ஒவ்வொரு கட்டத்திலும் மாணவர் எதைப் பார்க்கலாம் என்று தனித்தனி டிக்: தான் எழுதியது, சரியா தவறா, மதிப்பெண், விளக்கம், சரியான விடை. எங்கள் தளத்தில் 'சரியான விடை'க்கு இரண்டாவது, மூன்றாவது கட்டங்களிலும் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது. க்விஸ் மூன்று நாள் திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை எழுதியவர் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் போதும், மற்றவர்களுக்குத் தேர்வே இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். விடைத்தாளைக் கதவில் ஒட்டிவிட்டு யாரும் படிக்கக் கூடாது என்றால் எப்படி?

அடுத்த க்விஸில் சூடுபட்ட பூனையாகிவிட்டேன். எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, 'மூடிய பிறகு' கட்டத்தில் மட்டும் வைத்தேன். கூடவே, அவசரமில்லாமல் எழுதட்டும் என்று மூடும் தேதியையும் எடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து, "சார், மார்க் எப்போ வரும்?" என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார்கள். மூடும் தேதியே இல்லாத க்விஸ் எப்போது மூடும்? நான்காவது கட்டம் வரவே வராது. அன்றைய தேதியைப் போட்டு மூடினேன், எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தது.

இப்போது என் வழக்கம் இது. தேர்வாக வைக்கும் க்விஸ் என்றால், மூடும் வரை மொத்த மதிப்பெண் மட்டும் தெரியும், வினாத்தாளைத் திரும்பப் பார்க்க முடியாது. மூடிய பிறகு விடையும் விளக்கமும். பயிற்சி க்விஸ் என்றால் நேர்மாறு. அங்கே விடையை மறைப்பதில் அர்த்தமே இல்லை. வினாக்கள் நடந்துகொள்ளும் விதத்தை, பல முயற்சிகள் உள்ள 'இன்டராக்டிவ்' என்று மாற்றுகிறேன். 'மரம் + வேர்' என்பதைத் தவறாகச் சேர்த்தால் ஒரு குறிப்பு வரும், மறுபடி முயலலாம். கழிக்கும் அளவை நாம் மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு தவறுக்கும் அந்த வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போகும். இதில் நான் தாமதமாகக் கண்டுபிடித்த ஒன்று: எத்தனை குறிப்பு எழுதி வைத்திருக்கிறோமோ அதைவிட ஒன்று கூடுதலாகத்தான் முயற்சி கிடைக்கும். குறிப்பே எழுதாவிட்டால் ஒரே முயற்சி. பல முயற்சி என்று அறிவித்துவிட்டு இரண்டு வாரம் ஒரே முயற்சியாக நடத்தினேன்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 40 நிமிட க்விஸை ஒன்பது மணிக்கு மூடினால், 8.45-க்கு உள்ளே வருபவருக்கு 15 நிமிடம்தான். மூடும் நேரம்தான் ஜெயிக்கும். 'ஞாயிறு இரவு 12 மணி' என்று எங்கும் எழுதாதீர்கள், பாதிப் பேர் ஒரு நாள் தள்ளிப் புரிந்துகொள்வார்கள். 11.55 என்று போட்டால் குழப்பமில்லை. மெதுவாகப் படிப்பவர் ஒருவர் என் வகுப்பில் உண்டு. அவருக்கு மட்டும் 'ஓவர்ரைடு' என்ற தனி விதிவிலக்கு போட்டுக் கூடுதல் நேரம் கொடுத்திருக்கிறேன். மற்றவர்களுக்கு எதுவும் மாறாது. நேரம் தீர்ந்தால் தானாகச் சமர்ப்பிக்கும்படி வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்த மறந்தவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

விடைத் தேர்வுகளைக் கலைத்துப் போடும் டிக் இரண்டு இடத்தில் இருக்கிறது, க்விஸில் ஒன்று, ஒவ்வொரு வினாவிலும் ஒன்று. இரண்டும் இருந்தால்தான் கலையும். அப்படிக் கலைந்தபோது 'மேற்கண்ட அனைத்தும்' முதல் வரியில் போய் உட்கார்ந்தது. மேலே ஒன்றுமே இல்லை.

ஆனால் என்னை உண்மையில் ஆட்டிவைத்தது ஒரு சின்ன வினா. 'உயிர் நெடில்களில் கடைசி எழுத்து எது?' விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும். என் விடை: ஔ. ஒன்பது பேருக்குத் தவறு என்று வந்திருந்தது. அவர்கள் எழுதியதைத் திறந்து பார்த்தால் என் கண்ணுக்கு எல்லாம் ஔதான். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதேதான்.

கடைசியில் ஒரு விடையை நகலெடுத்து ஒட்டி, பின்பக்க அழிப்பானை ஒருமுறை தட்டினேன். பாதி மட்டும் போய் 'ஒ' நின்றது. அப்போதுதான் பிடிபட்டது. கணினி எழுத்துகளை அடையாளம் காணும் குறியீட்டு முறையான யுனிகோடில் ஔ ஒரே எழுத்து. அவர்கள் அடித்தது ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் வைத்த இரண்டு எழுத்து: ஒள. மௌனத்துக்கும் இதே கதை. ஔகாரக் குறியின் வலப்பாதி ளகரம் போலவே இருப்பதால் 'மெளனம்' என்று அடித்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கணினிக்குத் தெரியும். இலக்கண வாத்தியாராக என் நிலை தர்மசங்கடம்: எழுத்தை எண்ணிப் பார்த்தால் அது பிழைதான், ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் விடை தெரிந்திருந்தது. வினாவில் 'ஒள'வையும் இரண்டாவது விடையாகச் சேர்த்து முழு மதிப்பெண் கொடுத்து, மறுமதிப்பீட்டுப் பொத்தானை அழுத்தினேன். விளக்கத்தில் வித்தியாசத்தையும் எழுதி வைத்தேன்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், நட்சத்திரக் குறி போட்டால் எது வந்தாலும் ஏற்கும் என்று யோசனை சொன்னார். '*மௌனம்*' என்று வைத்தால் 'மௌனம் இல்லை' என்று எழுதியவருக்கும் முழு மதிப்பெண் போகும். வேண்டாம் என்றுவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு க்விஸையும் திறப்பதற்கு முன்னால், நானே பொய்யாக உருவாக்கிய ஒரு மாணவர் கணக்கில் நுழைந்து எழுதிப் பார்க்கிறேன். ஆசிரியர் கணக்கின் முன்னோட்டத்தை மட்டும் நம்புவதில்லை, மாணவராகவே எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. அந்தப் பொய் மாணவர் இதுவரை ஏழு க்விஸ் எழுதியிருக்கிறார். ஏழிலும் பூஜ்யம். வகுப்புப் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்த ஒரு மாணவர், அவருக்குத் தான் பாடம் சொல்லித் தரட்டுமா என்று போன வாரம் கேட்டார்.