ஒரு சிறுகதைக்கு விமர்சனம் எழுதிய பாடு

உயர்தரத்தில் தமிழ் எடுத்த எங்கள் ஆறு பேருக்கும் மிஸ் ஒரு சிறுகதையின் போட்டோ கொப்பியைத் தந்து, இரண்டு கிழமைக்குள் விமர்சனம் எழுதி வரச் சொன்னார். எனக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. அன்றிரவே நாலு பக்கம் எழுதி முடித்துவிட்டேன்.

அதில் மூன்று பக்கங்களைச் சிவப்புப் பேனையால் வளைத்துத் திருப்பித் தந்தார். "கதையை எழுதினவரே சொல்லிப்போட்டார். நீர் ஏன் திரும்பச் சொல்லுறீர்?" மிச்சப் பக்கத்தில் 'நடை அருமை', 'பாத்திரப் படைப்பு சிறப்பு', 'சமூகத்துக்கு நல்ல கருத்து' என்று இருந்தது. அதை எந்தக் கதைக்குப் பின்னாலும் ஒட்டலாம் என்றார். கோபம் வந்தது. ஆனால் சாதாரண தரத்திலிருந்தே நான் அப்படி ஒட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

சரி, பெரியவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போனேன். ஒரு பின்னேரம் முழுக்க ஈழத்து விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும். பாதி விளங்கவில்லை. விளங்காத பாதியிலிருந்துதான் சொற்களைப் பொறுக்கி இரண்டாவது பிரதியில் போட்டேன்: வர்க்க முரண்பாடு, சமூக யதார்த்தம், உருவமும் உள்ளடக்கமும். மிஸ் சிரித்தார். "கைலாசபதி தினகரன் பேப்பருக்கு ஆசிரியராகேக்க முப்பது வயதும் ஆகேல்லை. ஆனா அவர் வாசிச்ச அளவு நீர் இன்னும் வாசிக்கேல்லை. உமக்குத் தெரிஞ்சதை எழுதும்."

எனக்கு என்ன தெரியும்? கதையில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாயும் மகனும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்துகொண்டு, மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரனின் போனுக்குக் காத்திருக்கிறார்கள். இடையில் பொலிஸ் பதிவு, கரைந்துபோகும் காசு. மூன்றாம் தடவை பென்சிலோடு வாசித்தேன், யார் பேசுகிறார்கள் என்று ஓரத்தில் குறித்தபடி. தாய் பேசுகிறாள், லொட்ஜ் மனேஜர் பேசுகிறார், ஏஜென்சிக்காரன் பேசுகிறான். பதினொரு பக்கத்தில் மகனுக்கு ஒரு வசனம்கூட இல்லை. போகப்போவது அவன்தான்.

இது எழுத்தாளர் விட்ட பிழையா, வேண்டுமென்றே செய்ததா? இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. தொண்ணூறுகளில் இதே வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் மாதக்கணக்காக இருந்த அம்மம்மாவிடம் கேட்டேன். "அப்ப பெடியனை ஆர் கேட்டது, போக விருப்பமோ எண்டு?" என்றுவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.

மிஸ் அதை ஆதாரமாக எழுத விடவில்லை. கதைக்குள்ளேயே காட்ட வேண்டுமாம். தேடினேன். ஒன்பதாம் பக்கத்தில் ஏஜென்சிக்காரன் மகனைப் பார்த்துத்தான் கேட்கிறான், குளிர் தாங்குவாயா என்று. "தம்பி தாங்குவான்" என்று தாய் பதில் சொல்கிறாள். அவன் பக்கத்திலேயே நிற்கிறான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே செய்ததுதான் என்று துணிந்து எழுதினேன்.

குறை சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசிப் பந்தியில் எழுத்தாளர் தானே முன்னால் வந்து, பிரிவின் வலி என்னவென்று விளக்கம் சொல்கிறார். அவ்வளவு நேரமும் காத்த மௌனம் அதோடு போய்விட்டது. ஆனால் அவர் பேர்பெற்ற ஆள், நான் பள்ளிக்கூடப் பெடியன். 'முடிவில் சற்றுக் கவனம் செலுத்தியிருக்கலாம்' என்று பூசி மெழுகினேன். மிஸ் அதை வெட்டினார். "எந்த வரி எண்டு காட்டிச் சொன்னா அது மரியாதைக் குறைவில்லை." அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு, அதற்கு முந்திய வசனத்தோடு கதை நின்றிருக்கலாம் என்று எழுதினேன். இப்பவும் எனக்கு அதில் முழு நிச்சயம் இல்லை.

கதைச்சுருக்கம் ஐந்து வரியாகிவிட்டது. முடிவைச் சொல்லவில்லை. எல்லாமாக இரண்டு பக்கம். அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் கிடக்கு. ஆனா பெடியன் போனானோ இல்லையோ எண்டு நீ சொல்லேல்லையே" என்றார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு, போட்டோ கொப்பியைத் தா என்று கையை நீட்டினார்.